மின்கட்டணத்தில் திரளும் நிதி: எந்தக் கணக்கில், யார் கையில்?

2017-ஆம் ஆண்டில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு அரசுகள் ஏறக்குறைய ஒரே காரியத்தைச் செய்தன. ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, நிலக்கரி மீது டன்னுக்கு 400 ரூபாய் என இந்திய அரசு வசூலித்துவந்த தூய சுற்றுச்சூழல் மேல்வரி ரத்தானது. அதே 400 ரூபாய், மாநிலங்களின் வரி இழப்பை ஈடுசெய்யும் மேல்வரி என்று பெயர் மாறி வசூலாகத் தொடங்கியது. நான்கு மாதம் கழித்து அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம், மின்நுகர்வோர் சிக்கனத் திட்டங்களுக்கென்று மாதந்தோறும் செலுத்திவந்த நிதியிலிருந்து இரண்டு நிதியாண்டுகளுக்கு 12.7 கோடி டாலரைத் தன் பொதுச் செலவுக்கு எடுத்துக்கொண்டது. இரண்டு இடத்திலும் சட்டம் மீறப்படவில்லை. பணம் கட்டியவர்களில் பெரும்பாலோருக்கு அது இடம் மாறியதே தெரியாது.

மின்சார விற்பனையிலிருந்து ஒரு சிறு பங்கைப் பிரித்து, மின்சிக்கனத்துக்கும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கும் செலவிடுவது நல்ல கொள்கைதானா என்ற விவாதம் பழையது. அந்தப் பங்கு எவ்வளவு இருக்கவேண்டும் என்பதைப் பற்றியும் நிறைய எழுதியாகிவிட்டது. பணம் எந்தக் கணக்கில் தங்குகிறது என்ற கேள்விதான் நிர்வாக விவரமென்று ஒதுக்கப்பட்டுவந்திருக்கிறது. இத்தகைய நிதிகள் வாழ்ந்ததையும் அழிந்ததையும் தீர்மானித்தது பெரும்பாலும் அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடையே என்பது இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்காவில் இந்த ஏற்பாடு பிறந்த சூழலை முதலில் பார்க்கலாம். 1980-களில் அங்கே மின்நிறுவனங்கள் உற்பத்தி முதல் வீட்டு இணைப்பு வரை அனைத்தையும் தாமே நடத்தின. புது மின்நிலையம் கட்டுவதைவிட வாடிக்கையாளர் வீட்டில் மின்சாரத்தை மிச்சப்படுத்துவது மலிவு என்று கண்ட ஒழுங்குமுறை ஆணையங்கள், அதற்குச் செலவிடும்படி அவற்றைப் பணித்தன. செலவு கட்டணத்தில் சேர்ந்தது. 1990-களின் நடுவில் உற்பத்தியும் வழங்கலும் பிரிக்கப்பட்டுப் போட்டி வரும் என்ற பேச்சு எழுந்தது. போட்டியாளனிடம் இல்லாத செலவை எந்த நிறுவனம் சுமக்கும்? சிக்கனச் செலவு சில ஆண்டுகளிலேயே ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் பொதுநலக் கட்டணம். 1996-இல் கலிஃபோர்னியா நிறைவேற்றிய மறுசீரமைப்புச் சட்டம் அதற்கு முன்மாதிரி. மின்சாரத்தை யாரிடம் வாங்கினாலும், கம்பிவழி வாங்கும் ஒவ்வொருவரும் செலுத்தியாக வேண்டும்; கட்டணம் சரக்குக்கு அல்ல, பாதைக்கு. 1998 முதல் நான்கு ஆண்டுகளுக்குச் சிக்கனத்துக்கு 87.2 கோடி டாலரும், புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு 54 கோடி டாலரும் ஒதுக்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் பல மாநிலங்கள் இதைப் பின்பற்றின.

வெர்மான்ட் பின்பற்றிய விதம் தனியானது. 1999-இல் அங்கே இயற்றப்பட்ட சட்டத்தின்படி, மறு ஆண்டிலிருந்து சிக்கன வேலையே ஒரு தனிப் பொதுச்சேவையானது. அதை நடத்தும் பொறுப்பு மின்நிறுவனங்களிடமிருந்து எடுக்கப்பட்டு, லாபநோக்கற்ற ஓர் அமைப்பிடம் ஒப்பந்தத்தில் கொடுக்கப்பட்டது. எத்தனை யூனிட் மிச்சமாயிற்று என்பதை மாநிலத் துறை தனியே சரிபார்க்கும். இலக்கை எட்டினால்தான் ஊக்கத்தொகை. நம் வாதத்துக்கு முக்கியமானது பணத்தின் வழி. மின்கட்டண ரசீதில் தனி வரியாகக் காட்டப்படும் தொகையை நிறுவனங்கள் வசூலித்து, ஒழுங்குமுறை வாரியம் நியமித்த ஒரு நிதிக் காப்பாளரிடம் நேரே சேர்க்கின்றன. மாநிலக் கருவூலத்தின் வாசலை அது மிதிப்பதே இல்லை. நிதியில் மிஞ்சுவது கட்டணம் செலுத்தியவர்களுடைய பணம், மாநிலத்தின் பொதுக் கடப்பாடுகளுக்கு அதைத் தொடலாகாது என்று சட்டமே சொல்கிறது. 2010-இல் ஒப்பந்த முறையும் போய், பல ஆண்டு நீளும் நியமன முறை வந்தது.

நீண்டகால உறுதிக்கு என்ன மதிப்பு என்பதை 2012 காட்டியது. நியூ இங்கிலாந்து மின்தொகுப்பை இயக்கும் அமைப்பு, சிக்கனத் திட்டங்களால் வரவிருக்கும் ஆண்டுகளில் தேவை எவ்வளவு குறையும் என்று கணித்தபோது, வெர்மான்டிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் திட்டமிட்டிருந்த சுமார் 26 கோடி டாலர் பெறுமான மின்கடத்தல் பணிகளை ஒத்திவைக்க முடிந்தது. அடுத்த பட்ஜெட்டில் நிதி இருக்குமா போகுமா என்று தெரியாத திட்டத்தை நம்பி எந்தப் பொறியாளரும் ஒரு கோபுரத்தைக்கூட ஒத்திப்போடமாட்டார். சிக்கனம் மின்நிலையத்துக்கு மாற்றாக வேண்டுமானால், மின்நிலையத்தைப் போலவே நாளையும் அங்கே இருக்கும் என்ற நம்பிக்கை வேண்டும்.

விஸ்கான்சின் இதே பாடத்தை அடிபட்டுக் கற்றது. 1999-இல் அது விதித்த கட்டணம் மாநில நிர்வாகத் துறையின் கைக்குப் போயிற்று. 2002-க்குப் பின் பற்றாக்குறை வந்த ஆண்டுகளில் சட்டமன்றம் அதிலிருந்து திரும்பத் திரும்ப எடுத்தது. 2006-இல் கையெழுத்தான திருத்தச் சட்டம் கட்டணத்தின் அளவைப் பற்றி மட்டும் பேசவில்லை, வழியையே மாற்றியது. மின்நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 1.2 விழுக்காட்டைத் தாங்களே கூட்டாகச் செலவிட்டு, திட்டத்தை நடத்த ஓர் அமைப்பை அமர்த்தவேண்டும். அரசுக் கணக்கில் பணம் நுழையக்கூடாது. கனெக்டிகட் அப்படித் திருந்தவில்லை. 1998-இல் இயற்றிய சட்டத்தின்படி யூனிட்டுக்கு 0.3 சென்ட் என்று வசூலித்த அந்த மாநிலம், 2017-க்கு முன்பே, 2003-இலும் இந்த நிதியில் கைவைத்திருந்தது. இரண்டாம் முறை எடுத்தபோது வழக்கு நடந்தது. கட்டண அட்டவணை நுகர்வோருக்கும் அரசுக்கும் இடையே ஒப்பந்தம் ஆகாது என்று 2018-இல் கூட்டாட்சி நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. ‘இந்த நோக்கத்துக்காகக் கட்டினேன்’ என்ற நுகர்வோரின் மனக்கணக்கைச் சட்டம் ஏற்கவில்லை. எது ஏற்கும்? வெர்மான்ட் எழுதியதைப் போன்ற ஒரு வரி, அதுவும் முன்கூட்டியே.

இந்தியாவுக்கு வருவோம். நம்மிடம் விகிதம் குறைவாக இருந்ததால் நிதி பலன் தரவில்லை என்று சொல்லமுடியாது. 2010-இல் நிலக்கரி, பழுப்பு நிலக்கரி, முற்றா நிலக்கரி (பீட்) மூன்றின் மீதும் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கிய தூய எரிசக்தி மேல்வரி (தூய சுற்றுச்சூழல் மேல்வரியின் முந்தைய பெயர்) 2014-இல் 100, 2015-இல் 200, 2016-இல் 400 ரூபாயாயிற்று. ஒரு யூனிட் அனல் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 700 கிராம் நிலக்கரி என்று வைத்தால், 400 ரூபாய் என்பது யூனிட்டுக்குச் சுமார் 28 காசு. அன்றைய நாணய மாற்றில் கனெக்டிகட்டின் 0.3 சென்ட் 20 காசுதான். இந்த மேல்வரி நிலக்கரி மின்சாரத்துக்கு மட்டும் உரியது என்ற வேறுபாட்டைக் கழித்தாலும், ஏழை நாடு பணக்கார மாநிலத்துக்குச் சற்றும் குறையாமல் விதித்தது. 2010-11 முதல் 2017-18 வரை திரண்டது 86,440 கோடி ரூபாய். அதில், இதற்கென்றே அமைந்த தேசியத் தூய எரிசக்தி நிதிக்கு மாற்றப்பட்டது 29,645 கோடி. திட்டங்களுக்கு உண்மையில் செலவானது 15,911 கோடி. அதாவது வசூலில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இதை நிர்வாகத்தின் மெத்தனம் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. எனக்கு அது போதாத விளக்கமாகப் படுகிறது. அரசியலமைப்பின் 266-ஆம் பிரிவுப்படி ஒன்றிய அரசுக்கு வரும் வருவாய் அனைத்தும் முதலில் இந்தியத் தொகுப்பு நிதியில் சேரவேண்டும். மேல்வரியும் அப்படித்தான். அங்கிருந்து நாடாளுமன்ற ஒப்புதலோடு ஆண்டுதோறும் எடுத்து, பொதுக் கணக்கிலுள்ள தனி நிதிக்கு மாற்றவேண்டும். மாற்றாமல் விட்டால் யாரும் குற்றவாளி இல்லை. அதோடு மேல்வரிகள் மாநிலங்களோடு பகிரும் வரித்தொகுப்பில் சேராது என்கிறது 270-ஆம் பிரிவு. எடுத்துவைக்கும் கடமை தளர்வாகவும், பகிரவேண்டிய கடமை இல்லாமலும் இருக்கும் பணம் நிதித்துறைக்கு எவ்வளவு வசதியானது என்று விளக்கவேண்டியதில்லை. 2014 பட்ஜெட்டிலேயே மேல்வரியின் நோக்கம் ‘தூய சுற்றுச்சூழல்’ வரை விரிந்துவிட்டது. 2017-இல் நோக்கமே மாறியது. 2025 செப்டம்பரில் ஈட்டு மேல்வரியும் நீங்கி, நிலக்கரி மீதான ஜிஎஸ்டி 5 விழுக்காட்டிலிருந்து 18 ஆயிற்று. பதினைந்து ஆண்டில் ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கான வரி, எந்த நோக்கமும் இல்லாத வரியாக முழுச்சுற்று வந்துவிட்டது.

ஆகவே இந்தியாவில் இத்தகைய நிதிக்குரிய இடம் வரிச்சட்டம் அல்ல, மின்கட்டண ஆணை. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி மாநில ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும் கட்டணம் வழங்கல் நிறுவனத்தின் வருவாய். அரசின் வருவாய் அல்ல. தொகுப்பு நிதியில் சேரவேண்டிய கட்டாயம் அதற்கில்லை. எரிசக்திச் சேமிப்புச் சட்டம், 2001 ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு சேமிப்பு நிதி அமைக்கச் சொல்கிறது. பாத்திரம் இருக்கிறது, அதில் ஊற்றும் குழாயைத்தான் யாரும் பொருத்தவில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மக்களால் தேர்ந்தெடுக்கப்படாத ஆணையம், வரி போலவே நடந்துகொள்ளும் ஒன்றை மக்கள் மீது விதிக்கலாமா? சட்டமன்றம் எடுத்துக்கொள்வதைக் ‘கொள்ளை’ என்கிறோமே, அது வாக்காளருக்குப் பதில் சொல்லும் மன்றம் அல்லவா? கலிஃபோர்னியாவில் 2011-இல் பொதுநலக் கட்டணத்தைப் புதுப்பிக்க மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்காமல் அது காலாவதியானதும், ஆராய்ச்சிக்கான பகுதியை ஆணையமே புதுப் பெயரில் தொடர்ந்தது. மன்றம் மறுத்ததை ஆணையம் கொடுத்தது என்ற விமர்சனத்தில் பொருள் இல்லாமல் இல்லை. என் விடை இதுதான்: புது மின்நிலையத்துக்கான முதலீட்டைக் கட்டணத்தில் ஏற்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது, அதை யாரும் வரி என்பதில்லை. அமெரிக்கத் திட்டங்களை ஆராய்ந்த லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் கணக்கில், ஒரு யூனிட்டை மிச்சப்படுத்த திட்ட நிர்வாகிக்கு ஆகும் செலவு சுமார் 2.5 சென்ட். உற்பத்தியைவிட மலிவான மாற்றை வாங்குவது கொள்முதல். அதை ஆணையம் அனுமதிப்பதில் முறைகேடு இல்லை. ஆராய்ச்சிக்கும் விளம்பரத்துக்கும் இந்த வாதம் செல்லாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஏழை வீடுகளின் சுமை பற்றிய கவலைக்கு ஓரிகன் ஒரு வழி காட்டியது. அங்கே நீண்டகாலம் நடைமுறையிலிருந்த 3 விழுக்காட்டுக் கட்டணத்தில் 16.2 விழுக்காடு குறைந்த வருவாயினரின் வீடுகளுக்கென்றே சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது.

நிதியே வேண்டாம், சந்தை போதும் என்பவர்கள் எல்இடி பல்பைக் காட்டுவார்கள். நியாயம்தான். மத்திய அரசின் நான்கு மின்துறை நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த ஈஈஎஸ்எல், மொத்தக் கொள்முதலால் 2014-இல் 310 ரூபாயாக இருந்த பல்பின் விலையை இரண்டே ஆண்டில் 38 ரூபாய்க்கு இறக்கியது. மானியம் இல்லாமல் 36 கோடிக்கு மேல் விற்றது. ஆனால் பல்பு போட்ட காசு சில மாதங்களில் திரும்பும். தமிழ்நாட்டு விவசாயியின் பம்புசெட்டில் திரும்பாது, காரணம் அவருக்கு மின்சாரம் இலவசம்.

இங்குதான் தமிழ்நாட்டின் நிலை அமெரிக்கப் பாடத்திலிருந்து பிரிகிறது. அங்கே மின்நிறுவனத்துக்கு விற்பனை குறைந்தால் லாபம் குறையும். அதனால்தான் கலிஃபோர்னியா 1982-லேயே விற்பனையையும் வருவாயையும் பிரித்துவைத்தது. எத்தனை யூனிட் விற்றாலும் அனுமதித்த வருவாய் கிடைக்கும், கூடுதலோ குறைவோ அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் சரியாகும். நம் மின்வாரியத்துக்கு எல்லா யூனிட்டும் ஒன்றல்ல. விவசாயிக்கும், வீடுகளுக்கு இரு மாதத்துக்கு ஒருமுறை முதல் 100 யூனிட்டுக்கும் இலவசமாகப் போகும் மின்சாரத்தில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் வாரியத்துக்கோ, மானியம் கட்டும் கருவூலத்துக்கோ லாபம். ஆலைகளும் கடைகளும் மிச்சப்படுத்தும் யூனிட்டோ நேரடி நட்டம். அவை கூடுதல் கட்டணம் செலுத்தித்தான் மற்றவர்களின் பற்றாக்குறையைத் தாங்குகின்றன. ஆகவே வாரியத்தை ஒட்டுமொத்தமாகச் சிக்கனத்தின் எதிரி என்பதும் தவறு, நண்பன் என்பதும் தவறு. விலை எங்கே மௌனமாக இருக்கிறதோ அங்கேதான் நிதிக்கு வேலை. திறன்மிக்க மோட்டாருக்கு மாற விவசாயிக்கு எந்தக் காரணமும் இல்லை. மாறினால் லாபமடையும் வாரியம் அந்த மோட்டாரை வாங்கித் தரலாம். வேளாண் இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை என்பதால் வெர்மான்ட் போல யூனிட் யூனிட்டாகச் சரிபார்க்க முடியாது. பல பம்புகளுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் தடமான ஃபீடரில் மீட்டர் வைத்து, ஒரு ஃபீடரின் கீழுள்ள பம்புகளை மொத்தமாக மாற்றி, முன்னும் பின்னும் ஒப்பிடுவதே நடக்கக்கூடிய வழி.

கடன்பட்ட வாரியத்திடமே இந்தப் பணம் இருக்கலாமா? கூடாது. உற்பத்தியாளர்களுக்கு நிலுவை வைத்தால் மின்சந்தையின் கதவு மூடப்படும் என்கின்றன 2022-இல் வந்த தாமதக் கட்டண விதிகள். நெருக்கடியில் வாரியம் முதலில் அந்தக் கடனைத்தான் அடைக்கும், சிக்கன நிதியிலிருந்தும் அடைக்கும். வசூலான அன்றே, வாரியம் தொடமுடியாத எஸ்க்ரோ கணக்குக்குப் போய், ஆணையம் அமர்த்தும் காப்பாளர் வழியாக மட்டுமே வெளியே வரவேண்டும்.

யார் கட்டுவது என்பதில் இன்னும் சிக்கல் இருக்கிறது. ஆலைகள் மீது மட்டும் விதித்தால் அவை சொந்தக் காற்றாலைக்கும் சூரியத் தகடுக்கும் இன்னும் வேகமாகப் போகும். கோவை, திருப்பூர் நூற்பாலைகள் முப்பந்தலிலும் பிற இடங்களிலும் காற்றாலை நிறுவியது இந்தக் கணக்குப் பார்த்துத்தான். எனவே கலிஃபோர்னியாவைப் போல, வாரியத்தின் கம்பியில் பயணிக்கும் எல்லா யூனிட்டுக்கும் ஒரே சிறு கட்டணம் விதிக்கவேண்டியிருக்கும். சொந்த உபயோகத்துக்கென்று கொண்டுசெல்லும் காற்றாலை மின்சாரமும் அதில் அடங்கும். புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான நிதியைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றலிடமே வாங்குவதா என்று காற்றாலை உரிமையாளர்கள் கேட்பார்கள். ஆடிக்காற்றில் உற்பத்தியாகும் மின்சாரத்தை வாரியத்தில் வரவு வைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளும் வசதியை அவர்கள் நீண்டகாலம் அனுபவித்திருக்கிறார்கள். அந்த வசதியின் செலவை கட்டணம் செலுத்தும் மற்ற நுகர்வோர் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள். கம்பியைப் பயன்படுத்துபவர் கம்பிக்கான கட்டணத்தில் பங்கேற்பது என்ற விதிக்கு, எரிபொருள் எதுவென்று பார்த்து விலக்கு அளிப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.