கிருமிக்கு எதிராக ஒரு இன்ஜங்ஷன்

வரப்புத் தகராறுக்கும் வாடகைத் தகராறுக்கும் இன்ஜங்ஷன் வாங்குறது நமக்குத் தெரிஞ்சதுதான். அதே சிவில் தடை உத்தரவால் உயிரியல் ஆயுதத்தைத் தடுக்க முடியுமா? அமெரிக்காவில் இதற்கு இரண்டு உதாரணங்கள் இருக்கு.

முதலாவது, அரசுக்கு எதிரானது. 1984-ல் யூட்டா மாநிலத்தின் டக்வே ராணுவத் தளத்தில், கொடிய கிருமிகளைக் காற்றில் நுண்துளிகளாக்கிச் சோதிக்கும் ஆய்வகம் ஒன்றைக் கட்ட ராணுவம் திட்டமிட்டது. தற்காப்பு ஆராய்ச்சி என்று காரணம் சொன்னது. ஆனால் 1968-ல் இதே டக்வேயில் நரம்பு நச்சுச் சோதனை நடந்தபின், பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஆயிரக்கணக்கான செம்மறியாடுகள் செத்து விழுந்திருந்தன. ஜெரமி ரிஃப்கினின் அமைப்பு வழக்குப் போட்டது. 1985 மே மாதம் நீதிபதி ஜாய்ஸ் ஹென்ஸ் கிரீன் கட்டுமானத்துக்குத் தடை விதித்தார். இது ஆயுதமா, தற்காப்பா என்ற கேள்விக்குள் அவர் போகவே இல்லை. சுற்றுச்சூழல் பாதிப்பை ராணுவம் ஒழுங்காக ஆராயவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, அரசின் கையில் இருப்பது. 1990 மே மாதம் அதிபர் புஷ் கையெழுத்திட்ட உயிரியல் ஆயுதத் தடைச் சட்டம், சிவில் வழக்கு மூலம் தடை உத்தரவு வாங்கும் அதிகாரத்தை அமெரிக்க அரசுக்குக் கொடுத்தது. ஒரே குப்பியிலிருந்து தடுப்பூசியும் செய்யலாம், ஆயுதமும் செய்யலாம். உள்நோக்கத்தை நிரூபிக்கும்வரை காத்திருந்தா என்னாகும்? அதனால, வைத்திருக்கும் கிருமியின் வகைக்கோ அளவுக்கோ அமைதியான காரணம் எதுவும் தெரியலைன்னாலே தடை கேட்கலாம். நியாயமான காரணம் இருக்குன்னு காட்டுவது எதிர்த்தரப்பின் பொறுப்பு. 'வகை, அளவு' என்ற இந்த அளவுகோல் 1972 சர்வதேச உடன்படிக்கையிலிருந்து வந்தது.

ஆனா கிரிமினல் பிரிவில் ஓட்டை இருந்தது. 1995-ல் ஒஹாயோக்காரர் ஒருவர் பிளேக் கிருமிக் குப்பிகளைத் தபாலில் வாங்கினார். வெறுமனே வைத்திருப்பது அன்று குற்றமில்லை. கடைசியில் ஆர்டர் செய்தபோது செய்த மோசடிக்காகத்தான் தண்டனை. 2001-ல்தான், நியாயப்படுத்த முடியாத வகையிலோ அளவிலோ வைத்திருப்பதே குற்றம் என்று திருத்தினாங்க. சிவில் பிரிவின் அளவுகோல் கிரிமினல் பிரிவுக்கும் வந்துடுச்சு.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துது. 1990 சட்டத்தின் தடை உத்தரவை அரசு மட்டுமே கேட்க முடியும். அரசே ஒரு ஆய்வகம் கட்டினா, குடிமக்கள் அந்தப் பிரிவைத் தொட முடியாது. டக்வே வழக்கு மாதிரி சுற்றுச்சூழல் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் கோர்ட்டுப் படியேறணும்.