விடுமுறைக்குப் பச்சைத் தீவா? நம் ஆற்றோடு போய்ப் பாருங்கள்



பொங்கல் விடுமுறைக்கு எந்தக் கடற்கரை என்ற பேச்சு நம் குடியிருப்பில் தொடங்கிவிட்டது. கைப்பேசியில் கிரேக்கத் தீவுகளின் படத்தைக் காட்டி, "இப்படி ஒரு பச்சைத் தீவு நம் பக்கம் கிடையாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. உண்டு என்பதே பதில். அங்கே போகும் தண்ணீரில் ஒரு பங்கு நம் கல்வராயன் மலையிலிருந்துதான் போகிறது.

முதலில் கிரேக்கத்தையே பார்ப்போம். அந்த நாட்டுத் தீவுகள் பலவும் வறண்ட பாறைகள். கோர்ஃபு மட்டும் பச்சையாக இருப்பவற்றில் ஒன்று. மழை அதிகம் என்பது ஒரு காரணம். 1386 முதல் 1797 வரை அதை ஆண்ட வெனிஸ் அரசு, ஒலிவ மரம் நட்டவர்களுக்குப் பணம் கொடுத்தது இன்னொரு காரணம். பச்சைக்கு மழை மட்டும் போதாது, மனிதர்களின் கையும் வேண்டும்.

இனி நம் ஊர். கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் ஒன்றாகி, விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலை ஒட்டி ஓடுகின்றன. கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கின்றன. ஊரின் பெயரே அதைச் சொல்கிறது. அங்கிருந்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாக வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. நீங்களும் ஏறக்குறைய அதே வழியில் காரில் போகலாம். நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான்.

பரங்கிப்பேட்டையில் ஒரு மணி நேரமாவது நில்லுங்கள். போர்த்துகீசியர் இதற்கு வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதிய துறைமுகம். 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலிக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் இங்கே பெரும் போர் நடந்தது. 1830-ல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் இங்கே இரும்பாலை தொடங்கினார். தாது சேலத்திலிருந்து வந்தது. எரிபொருள் மரக்கரி.

வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவில் இருப்பதுதான் நீங்கள் தேடும் இடம், பிச்சாவரம். சுமார் 50 பச்சைத் திட்டுகள், அவற்றுக்கு இடையே கால்வாய்கள். எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' (1975) படத்தில் பலரும் பார்த்த காடு இது. அலையின் வேகத்தைத் தணிப்பதால் அலையாத்திக் காடு என்று பெயர். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரத்தையும் இங்கே காணலாம். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பிள்ளைகளை ஒடிக்க விடாதீர்கள்.

இந்தப் பச்சை ஒரு காலத்தில் அழியும் நிலைக்கு வந்தது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து பகுதி பகுதியாக மரங்களை மொத்தமாக வெட்டினார்கள். வெயில் பட்ட மண் காய்ந்து தாழ்ந்தது. பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் வற்றி, உப்பு ஏறியது. பிறகு எந்தக் கன்றும் பிழைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, ஓதநீர் வந்து திரும்பும்படி கால்வாய் வெட்டிக் கன்று நட்டார்கள். காடு மீண்டது.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. கடலை நேரே பார்த்திருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற ஊர்கள் பெரும் உயிரிழப்பைக் கண்டன. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு. 2005-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வும் கடலூர்க் கரையைப் பற்றி இதையே சொன்னது. 2022-ல் பிச்சாவரம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

பயணத்துக்குச் சில குறிப்புகள்: அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். ஜனவரிக்குப் பின் போவது நல்லது. வெயிலுக்கு முன் காலையிலேயே படகு ஏறுங்கள். குறுகிய கால்வாய்க்குள் போக மோட்டார் படகைவிடத் துடுப்புப் படகே சரி. மாலையில் மணலில் உட்கார அருகே சாமியார்பேட்டைக் கடற்கரை இருக்கிறது. உள்ளூர் மீனவர்களைக் கேட்காமல் கடலில் இறங்காதீர்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். அலையாத்தி மரம் உப்பைத் தாங்கும். ஆனாலும் ஆற்றிலிருந்து வரும் நன்னீரும் வண்டலும் அதற்கு வேண்டும். கோமுகியில் நாம் அள்ளும் மணலும், தடுக்கும் தண்ணீரும், கொட்டும் குப்பையும் கடைசியில் அங்கேதான் கணக்குக்கு வரும். படகில் பிளாஸ்டிக் பையைத் தவிர்ப்பவர்கள், இங்கே நம் ஆற்றுப் பாலத்தின் மேலிருந்தும் எறியாமல் இருக்க வேண்டும். அந்தத் தீவின் பச்சையில் நம் பங்கும் இருக்கிறது.

போய் வந்து, பார்த்ததை அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள்.