வாட்டர் பாட்டிலுக்குப் பின்னால் ஒரு ‘கொதிக்கும் கல்’.. ஜியோலைட் என்ன செய்கிறது?

தண்ணீர் பாட்டில், பாலியஸ்டர் சேலை, சட்டை.. இவை எல்லாவற்றுக்கும் முக்கிய மூலப்பொருள் பாரா-சைலீன். கச்சா எண்ணெயில் இருந்து வருவதுதான் இது. ஆனால் தேவையான அளவுக்கு நேரடியாகக் கிடைப்பதில்லை. அந்தக் குறையைச் சரிக்கட்டுவதுதான் ஜியோலைட்டின் வேலை.

‘கனமான’ அரோமேட்டிக் எது?

ஆறு கார்பன் அணுக்கள் சேர்ந்த ஒரு வளையம்தான் பென்சீன். அதில் ஒரு மெத்தில் ஒட்டினால் டொலுயீன். இரண்டு ஒட்டினால் சைலீன். மூன்று என்றால் டிரைமெத்தில்பென்சீன். இப்படி 9 கார்பனும் அதற்கு மேலும் உள்ளவைதான் கனமானவை.

ஏன் மாற்ற வேண்டும்?

சுத்திகரிப்பு ஆலையில் நாப்தாவைப் பதப்படுத்தும்போது இவை எல்லாம் கலந்துதான் வரும். கனமானவற்றைப் பெட்ரோலில் கலந்துவிடலாமே என்றால், அதற்கும் வரம்பு உண்டு. பிஎஸ்-6 பெட்ரோலில் அரோமேட்டிக் அளவு 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

எப்படி நடக்கிறது?

கணக்கு ரொம்ப சிம்பிள். டிரைமெத்தில்பென்சீனில் 3 மெத்தில், டொலுயீனில் 1. அங்கிருந்து ஒன்றை எடுத்து இங்கே கொடுத்தால் இரண்டிலும் 2 ஆகிவிடும். அதாவது 2 சைலீன். கார்பன் கணக்கில் 9 + 7 = 8 + 8. அவ்வளவுதான்! இதற்குப் பெயர் டிரான்ஸ்அல்கைலேஷன்.

இந்த இடமாற்றத்தை நடத்தும் வினையூக்கிதான் ஜியோலைட். சிலிக்கான், அலுமினியம், ஆக்சிஜன் சேர்ந்த, நுண்துளைகள் நிறைந்த படிகம் இது. அலுமினியம் இருக்கும் இடங்கள் அமிலம் போலச் செயல்படும். மெத்தில் கைமாறுவது அங்கேதான். சூடாக்கினால் நீராவி வெளியேறுவதைப் பார்த்து, 1756-ல் ஸ்வீடனின் கிரான்ஸ்டெட் இதற்குக் ‘கொதிக்கும் கல்’ என்ற பொருளில் கிரேக்கச் சொற்களால் பெயர் வைத்தார்.

துளையின் அளவு ஏன் முக்கியம்?

இசட்எஸ்எம்-5 என்ற ஜியோலைட்டின் துளை சுமார் 0.55 நானோமீட்டர்தான். ஒல்லியான பாரா-சைலீன் எளிதாக நழுவி வரும். பருமனான மூலக்கூறு திணறும். அதனால் கனமானவற்றை மாற்ற, பெரிய துளை உள்ள மார்டனைட், பீட்டா வகைகள் பயன்படுகின்றன.

சிக்கல் எங்கே?

கனமான மூலக்கூறுகள் ஒன்றோடொன்று சேர்ந்து கரியாகப் படிந்து துளைகளை அடைத்துவிடும். அதைக் குறைக்கத்தான் ஹைட்ரஜன் வாயுவையும் சேர்த்துச் செலுத்துகிறார்கள். மேலும், இப்படிக் கிடைக்கும் சைலீனில் சுமார் கால் பங்குதான் பாரா வகை. அதைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும்.

பாட்டில் கச்சா எண்ணெயில் இருந்து வருவது என்ற உண்மை இதனால் மாறாது. ஆனால், அதே அளவு நாப்தாவில் இருந்து கூடுதல் சைலீன் கிடைக்கிறது. ஜியோலைட்டின் பயன் அதுதான்.