குடும்ப ஆவணங்களில் ஹெர்மன் குண்டர்ட்: தமிழ்க் காலமும் மலையாள இலக்கணமும்

முன்னுரை

கடல் கடந்து வாழச் சென்ற ஒருவரது வாழ்க்கையை ஆராய்வோர்க்கு மூவகைச் சான்றுகள் துணைநிற்கின்றன. அவர் எழுதி வெளியிட்ட நூல்கள் ஒருவகை. அவரைப் பணிக்கு அமர்த்திய நிறுவனத்தின் அறிக்கைகள் மற்றொரு வகை. அவர்தம் குடும்பத்தார் பேணிக்காத்த கடிதங்களும் நாட்குறிப்புகளும் நினைவுக் குறிப்புகளும் மூன்றாம் வகை. முதலிரண்டு வகைச் சான்றுகளைத் தமிழாய்வுலகம் ஓரளவு பயன்படுத்தியுள்ளது. மூன்றாம் வகைச் சான்றுகளோ பெரும்பாலும் ஐரோப்பிய மொழிகளில் அமைந்தமையால் நம் ஆய்வெல்லைக்குள் மிகுதியாக வரவில்லை. மலையாள மொழிக்கு இலக்கணமும் அகராதியும் தந்த செருமானியராகிய ஹெர்மன் குண்டர்ட்டின் (1814-1893) வாழ்வை அவர்தம் குடும்ப ஆவணங்களின் வழியே அணுகி, அவரது வாழ்வில் தமிழ் பெற்ற இடத்தையும், அவ்விடம் எழுப்பும் மொழியியல் வினா ஒன்றையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

மரபினர் இல்லாத வாழ்க்கை

குடும்ப ஆவணங்களின் பயனை உணர, அவை மிகுதியாக இல்லாத ஒரு வாழ்க்கையை முதலில் நோக்குதல் தகும். சைலீசியாப் பகுதியில் 1770ஆம் ஆண்டு பிறந்த வில்லியம் தொபையாஸ் ரிங்கல்தௌபே 1804இல் தரங்கம்பாடி வந்து, 1806 முதல் தென் திருவிதாங்கூரின் மயிலாடியைச் சார்ந்து சமயப்பணி ஆற்றினார். 1816இல் அவர் இப்பகுதியை விட்டு நீங்கினார். அவரது இறுதிக் காலம் வரலாற்றில் மறைந்துபோயிற்று. அவருக்குப்பின் அவர் தாள்களைத் தொகுத்து வைக்க மக்களோ பேரரோ இலர். ஆகவே மயிலாடியில் வாழ்ந்த மனிதரைவிடச் சங்க அறிக்கைகளில் வரும் ஊழியரையே நாம் மிகுதியும் அறிகிறோம். குண்டர்ட்டின் நிலை இதற்கு நேர்மாறானது.

ஆவணங்கள் நம்மை வந்தடைந்த வழி

குண்டர்ட் கால்வ் நகரில் 25.04.1893 அன்று மறைந்தார். மறு ஆண்டே அவர் மருமகன் யோகான்னஸ் ஹெஸ்ஸே, மாமனாரின் வாழ்க்கை வரலாற்றை நூலாக வெளியிட்டார். இவரும் மங்களூரில் பாசல் மிஷன் ஊழியராக இருந்தவர். கால்வ் நகரில் குண்டர்ட்டின் பதிப்புப் பணிக்கு உதவியவர். குண்டர்ட்டின் மகளும் யோகான்னசின் மனைவியுமான மேரி எழுதிய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் அவர் மகள் அதேலே குண்டர்ட் தொகுத்து 1934இல் நூலாக்கினார். குண்டர்ட்டின் மலபார் நாட்குறிப்பு 1983இலும், கால்வ் நாட்குறிப்பு 1986இலும் ஆல்பிரெக்ட் ஃபிரென்ஸ் அவர்களால் பதிப்பிக்கப்பெற்றன. அவர் தொகுத்த சுவடிகளும் கையெழுத்துப் படிகளும் டூபிங்கன் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன. அவற்றின் மின்னுருப் படிகள் 2018 முதல் குண்டர்ட் இணையவாயில் வழியாக எவரும் காணக்கூடியனவாக உள்ளன.

இவ்வரிசையில் ஒன்று கருதத்தக்கது. முதல் நூலை எழுதியவர் மருமகன். இரண்டாவதைத் தொகுத்தவர் பேத்தி. இருவரும் பற்றும் சமய ஈடுபாடும் கொண்ட குடும்பச் சூழலில் நின்று எழுதியவர்கள். எதனைக் காத்தல் வேண்டும், எதனை விடுதல் வேண்டும் என்பதைக் குடும்பமே முடிவுசெய்தது. ஆதலின் இவ்வாவணங்களைக் கலப்பற்ற சான்று எனக் கொள்ளாமல், ஒரு குடும்பம் தன் முன்னோரை எவ்வாறு நினைவுகூர விரும்பியது என்பதற்கான சான்றாகவும் கொண்டு படித்தல் இன்றியமையாதது.

குடும்பத்தின் இரு கரைகள்

குண்டர்ட் 04.02.1814 அன்று சுடுட்கார்ட் நகரில் பிறந்தார். டூபிங்கனில் பயின்று 1835இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆங்கிலேயரான அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ் என்பாரின் புதல்வர்களுக்கு ஆசிரியராக 1836இல் சென்னை வந்து சேர்ந்தார். 1838 சூலையில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜூலி துபுவாவைச் சித்தூரில் மணந்தார். அவ்வாண்டின் இறுதியில் மங்களூரில் பாசல் மிஷனைச் சார்ந்தார். 1839 முதல் தலைச்சேரிக்கு அருகிலுள்ள இல்லிக்குன்னு அவர் இல்லமாயிற்று. 1859இல் தாய்நாடு திரும்பும்வரை, இடையே ஐரோப்பா சென்றுவந்த காலம் தவிர, அவர் வாழ்வு இந்தியாவிலேயே கழிந்தது.

மகள் மேரி 1842இல் தலைச்சேரியில் பிறந்தார். கல்வியின் பொருட்டுக் குழந்தைப் பருவத்திலேயே ஐரோப்பாவில் விடப்பட்ட அவர், 1857இல், ஏறத்தாழப் பதினைந்தாம் அகவையில், மீண்டும் பெற்றோரிடம் வந்தார். மிஷன் குடும்பங்கள் பலவற்றில் காணப்பட்ட இப்பிரிவே அக்குடும்பங்களில் கடிதங்கள் பெருகக் காரணமாயிற்று எனலாம். ஒரே கூரையின்கீழ் வாழ்வோர் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதுவதில்லை. பிரிவின் துயரே ஆவணத்தைத் தோற்றுவித்தது.

மேரியின் மகனே நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியர் ஹெர்மன் ஹெஸ்ஸே. பாட்டனாரின் பெயரைத் தாங்கிய அவர், தாயும் பாட்டனாரும் வாழ்ந்த நாட்டை நாடி 1911இல் கப்பலேறினார். இலங்கையையும் மலாய் நாட்டையும் சுமத்திராவையும் கண்ட அவர், மலபார் மண்ணை மிதியாமலே திரும்பினார். 1922இல் வெளிவந்த அவரது ‘சித்தார்த்தன்’ தமிழிலும் பெயர்க்கப்பெற்றுப் பலராலும் பயிலப்பட்டு வருகிறது. பேரனைத் தமிழில் படித்த நாம், தமிழைப் பயின்ற பாட்டனாரை மறந்தோம்.

தமிழ்க் காலம்

குண்டர்ட் கப்பற் பயணத்தின்போதே வங்காளம், இந்துஸ்தானி, தெலுங்கு ஆகிய மொழிகளைக் கற்கத் தொடங்கினார். எனினும் இந்திய மண்ணில் அவர் முதற்கண் நன்கு பயின்ற மொழி தமிழே. சென்னையிலிருந்து திருநெல்வேலிப் பகுதிக்குச் சென்ற அவர், அங்கே சார்லஸ் ரேனியஸ் அவர்களுடன் பணியாற்றினார். ரேனியசும் செருமானியரே, 1820 முதல் பாளையங்கோட்டையில் வாழ்ந்தவர், ‘பூமி சாஸ்திரம்’ (1832) என்னும் தமிழ் உரைநடை நூலையும், 1834இல் தமிழ் இலக்கணம் ஒன்றை ஆங்கிலத்திலும் இயற்றியவர். நாட்டுமொழியின் அமைப்பை நுணுகி ஆராயும் ஒருவரின் அருகில் இருபத்திரண்டு அகவை இளைஞர் வாழ்ந்த காலம் குறுகியதே ஆயினும் அதன் விளைவு பெரிது.

இரண்டு ஆண்டு அளவினதாகிய இத்தமிழ்க் காலம் அவரது வாழ்க்கை வரலாறுகளில் மலபார் வாழ்வுக்கு ஒரு முகப்பாகவே அமைந்துவிடுகிறது. பெரும்பணி நிகழ்ந்த இடம் மலபாராதலின் அஃது இயல்பே. ஆயின் அவர் நூல்களை அருகில் வைத்து நோக்கும்போது அம்முகப்பே அடித்தளமாகத் தோன்றுகிறது.

இலக்கணத்தில் எழும் வினா

குண்டர்ட்டின் மலையாள இலக்கணத்தின் முதற்பகுதி 1851இலும் முழுநூல் 1868இலும் வெளிவந்தன. மலையாளம் தமிழின் ஒரு கிளை என்றும், தெலுங்கு, கன்னடம், துளு முதலியவற்றைவிடத் தமிழ் விதிகளோடு மிகுதியும் ஒத்துவருவது என்றும் அந்நூலின் தொடக்கத்திலேயே அவர் கூறுகிறார். பிற்காலத்தில் ஆற்றூர்க் கிருஷ்ணப் பிஷாரடி முதலியோர் மலையாளம் தனித்தே கிளைத்த மொழி என வாதிட்டமை யாவரும் அறிந்தது.

ஈண்டு ஒரு வினா எழுகின்றது. தமிழை முன்னரும் மலையாளத்தைப் பின்னரும் கற்றமையால், தாம் கற்ற வரிசையையே மொழிகள் பிறந்த வரிசையாகக் குண்டர்ட் கொண்டுவிட்டாரா? வாழ்க்கை வரலாற்றுச் சான்று இவ்வையத்திற்கு இடந்தருகிறது. அவ்வையத்தை மறைத்துவிட்டு அவர் கூற்றைத் தமிழின் பெருமைக்குச் சான்றாக மட்டும் எடுத்தாளுதல் ஆய்வு நெறியன்று.

எனினும் அவர் கருத்து வாழ்க்கைத் தற்செயலை மட்டும் சார்ந்ததன்று என்பதற்கு வலுவான சான்று உண்டு. மலபாரில் சிரியக் கிறித்தவர்களிடமும் யூதர்களிடமும் இருந்த செப்பேடுகளை ஆராய்ந்து, மொழிபெயர்ப்புடன் 1844இல் சென்னை ஆய்விதழ் ஒன்றில் அவர் வெளியிட்டார். அவற்றுள் தரிசாப்பள்ளிச் செப்பேடு, வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கியது. சேர மன்னன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டுக்குரிய (கி.பி. 849) அச்செப்பேட்டின் வட்டெழுத்தையும் மொழிநடையையும் தமிழறிவின்றி அணுகுதல் அரிது. தமிழறிவு அவர் கண்ணை ஒரு பக்கம் சாய்க்கவில்லை. பிறர் படிக்க இயலாததைப் படிக்கும் திறனைத் தந்தது. இலக்கணக் கூற்றுக்கு முன்பே இப்பழஞ்சான்று அவர் கையில் இருந்தது என்பது இங்குக் கருதத்தக்கது.

திருவனந்தபுரத்தில் வாழ்ந்து ‘கேரள பாணினீயம்’ (1896) இயற்றிய ஏ. ஆர். ராஜராஜவர்மாவும் மலையாளத்தின் தோற்றத்தைத் தமிழோடு இணைத்தே விளக்கினார். குண்டர்ட்டையும் கால்டுவெல்லையும் அறிந்தே எழுதியவராதலின் அவரை முற்றிலும் தனித்த சான்றாகக் கொள்ளல் இயலாது. ஆயினும் மலையாளத்தைத் தாய்மொழியாகவும் வடமொழி இலக்கணத்தைப் பயிற்சியாகவும் கொண்ட ஒருவர் அம்முடிவை ஏற்றமை, அது மொழி கற்ற வரிசையால் மட்டும் விளைந்ததன்று என்பதை உணர்த்துகிறது.

குண்டர்ட் தாய்நாடு திரும்பிய பின்னரும் இவ்வாய்வு தொடர்ந்தது. வடமொழியிலுள்ள திராவிடக் கூறுகள் பற்றி 1869இல் செருமன் மொழியில் அவர் எழுதிய கட்டுரையைக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தின் இரண்டாம் பதிப்பில் (1875) பயன்படுத்தினார். 1872இல் மங்களூரில் வெளிவந்த மலையாள-ஆங்கில அகராதியும் பிற திராவிட மொழிகளோடு ஒப்புநோக்கும் தன்மையது.

முடிவுரை

குடும்ப ஆவணங்கள் ஒரு கருத்து எவ்வாறு ஒருவர் உள்ளத்தில் முளைத்தது என்பதைக் காட்டவல்லன. அக்கருத்து மெய்யா என்பதை முடிவுசெய்யும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. அம்முடிவைச் செப்பேடும் இலக்கணமும் சொல்வரலாறுமே தருதல் வேண்டும். இவ்விரு சான்றுகளையும் பிரித்தறிந்து, பின் இணைத்து நோக்குவதே தக்க நெறியாகும்.

குண்டர்ட் இன்றளவும் மலையாளத் துறைகளின் உடைமையாகவே கருதப்படுகிறார். தமிழும் மலையாளமும் அன்றாடம் கலந்து வழங்கும் திருவனந்தபுரத்தில் தமிழ் பயிற்றுவிக்கும் நமக்கு அப்பிரிவு பொருத்தமாகத் தோன்றவில்லை. அவரது தமிழ்க் காலத்தை மலபார் வாழ்வின் முன்கதையாக ஒதுக்காமல், மொழி ஒப்பாய்வு வரலாற்றின் ஓர் இயலாகக் கொள்ளல் வேண்டும். செருமன் மொழியறிந்த தமிழாய்வாளர் சிலரேனும் அந்நாட்குறிப்புகளை இவ்வினாவோடு படிப்பாராயின், மேரியும் யோகான்னசும் அதேலேவும் தம் முன்னோருக்காகக் காத்த தாள்கள் நம் மொழி வரலாற்றுக்கும் பயன்படுவனவாகும்.