வாக்லேக்கு வாய் முளைத்த கதை

வல்வெட்டித்துறையில் எண்பதுகளில் அன்ரனாவை வடக்கே திருப்பித்தான் கட்டினார்கள். கடலுக்கு அப்பால் கோடியக்கரை ஏறத்தாழ அறுபது கிலோமீற்றர். கொழும்பு அதைப்போல் ஐந்து மடங்கு தூரம். உயரமான குழாயில் அன்ரனாவை ஏற்றிவிட்டால் தூரதர்ஷன் கிடைக்கும். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ என்றால் பக்கத்து வீட்டாரும் வந்து குந்திவிடுவார்கள். பிறகு இரவு தேசிய ஒளிபரப்பு ஹிந்திக்கு மாறிவிடும், கூட்டமும் கலைந்துவிடும். அப்படி நாங்கள் எழும்பிப்போன நேரத்துச் சரக்கில் ஒன்றுதான் ‘வாக்லே கி துனியா’. பத்திரிகைக் கார்ட்டூனில் இருந்து இறங்கி வந்த ஒரு குடும்பத்தின் கதை. அது பிறந்த விதம் வேடிக்கையானது. ஏனென்றால் மூலத்தில் இருந்த மனிதர் வாயே திறக்காதவர்.

அவரை வரைந்தவர் ஆர். கே. லக்ஷ்மண். மைசூரில் 1921இல் பிறந்தவர். பெயருக்கு முன்னால் நிற்கும் முதலெழுத்து ராசிபுரத்துக்குரியது. நாவலாசிரியர் ஆர். கே. நாராயணனின் தம்பி. ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வில் 1951 முதல் அவர் வரைந்த ஒற்றைக்கட்டச் சித்திரத்தில் ஒரு கிழவர் நிற்பார். கட்டம்போட்ட கோட்டு, வேட்டி, மூக்குக் கண்ணாடி, காதோரம் மட்டும் கொஞ்சம் மயிர். அமைச்சர் வீட்டு விறாந்தையிலும் நிற்பார், வெள்ளம் பார்க்கப் போகும் விமானத்திலும் இருப்பார். மற்றவர்கள் பேசுவார்கள், இவர் பார்ப்பார். ‘சாதாரண மனிதர்’ என்பதற்கு மேல் அவருக்குப் பெயரும் இல்லை.

இப்படிப்பட்டவரை வைத்து வாரம் ஒரு நகைச்சுவை நாடகம் எடுப்பது எப்படி?

அமெரிக்காவில் இதே வேலை வெகு சுலபமாக முடிந்திருந்தது. சிக் யங் 1930இல் தொடங்கிய ‘புளொண்டி’ படத்தொடரில் கணவன், மனைவி, பிள்ளைகள், சோபா, பேருந்தைப் பிடிக்க ஓடும் ஓட்டம் என்று எல்லாம் முதலே தயாராக இருந்தன. 1938 முதல் 1950 வரை அதை வைத்து 28 திரைப்படங்கள் எடுத்தார்கள்; வானொலியிலும் ஓடியது. 1957இல் என்.பி.சி. தொலைக்காட்சிக்கு வந்தபோது, படங்களில் கணவனாக நடித்த ஆர்தர் லேக்கே மறுபடியும் வந்து நின்றார். நான்கு கட்டச் சித்திரக்கதை என்பது ஏற்கனவே அரைவாசி நாடகம்தான். ஆட்கள் பேசுகிறார்கள், ஒன்று நடக்கிறது, கடைசிக் கட்டத்தில் சிரிப்பு வருகிறது.

வல்வெட்டித்துறை இருக்கும் எங்கள் வடமராட்சிக்கும் அந்தச் சாதியில் ஒரு சொத்து உண்டு. கரவெட்டிக்காரரான சுந்தர், அதாவது சி. சிவஞானசுந்தரம், தினகரனில் வரைந்து பிறகு 1964இல் தொடங்கிய தன் ‘சிரித்திரன்’ இதழிலும் உலவவிட்ட சவாரித் தம்பரும் சின்னக்குட்டியும். வாய் ஓயாத ஆட்கள். ஒரு கமராவைக் கொண்டுபோய் அவர்கள் முற்றத்தில் வைத்தாலே போதும், நாடகம் தானாக நடந்திருக்கும் என்பது என் எண்ணம்.

லக்ஷ்மணின் கிழவரோ வெறும் சாட்சி. வீட்டுக் கதைக்குச் சாட்சி போதாது. அடிபடுகிற ஆள் வேண்டும். ஆகவே அவரைப் பத்திரிகையிலேயே விட்டுவிட்டு, அவர் வழியில் இன்னொரு ஆளைப் புதிதாகப் பிறப்பித்தார்கள். பெயர் ஸ்ரீநிவாஸ் வாக்லே. உத்தியோகம் விற்பனைப் பிரிவில் கிளாக்கர். மனைவி ராதிகா, பிள்ளைகள், பம்பாயில் ஒரு சிறிய வீடு. தயாரித்தது பழம்பெரும் நடிகை துர்கா கோட்டேயின் நிறுவனம். இயக்கியவர் ‘ஜானே பி தோ யாரோ’ எடுத்த குந்தன் ஷா. சாதாரண ஆட்களின் சின்னச் சின்ன அவதியில் சிரிப்பைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர். ‘நுக்கட்’ தொடரில் அந்தக் கை நன்றாகப் பழகியிருந்தது.

1988இல் தொடர் தொடங்கியது. ‘டைம்ஸ்’ பத்திரிகையின் 150ஆவது ஆண்டுக்காக அந்தப் பேசாக் கிழவர் இந்திய அஞ்சல் தலையில் ஏறியதும் அதே ஆண்டுதான். அந்த ஆண்டில் அதே நாட்டின் படை எங்கள் சந்திகளில் நின்றது. மறுவருடம் ஆகஸ்ட் 2இல் வல்வெட்டித்துறையில் அது செய்த கொலைகளுக்குப் பிறகு, பம்பாய்க் கிளாக்கரின் துன்பத்தைப் பார்த்துச் சிரிக்க இங்கே எவருக்கு மனம் இருந்திருக்கும்?

தொடரைப் பின்னாளில்தான் நிதானமாகப் பார்க்கக் கிடைத்தது. வாக்லேயாக வந்த அஞ்சன் ஸ்ரீவாஸ்தவ், அலகாபாத் வங்கியில் வேலைபார்த்துக்கொண்டே மேடையில் நடித்தவர். அதனால்தானோ என்னவோ, கிளாக்கர்மாருக்கே உரிய அந்த அரைச் சலிப்பு அவர் தோளிலேயே இருக்கிறது. ராதிகாவாக பாரதி ஆச்ரேக்கர், மராத்திப் பாடகி மாணிக் வர்மாவின் மகள். கணவன் இழுத்து வரும் தொல்லையை அவர் முகம் ஒரு கணம் முந்தியே அறிந்துவிடும். ஓர் அத்தியாயத்தில் வாக்லேயைக் கார் மோதுகிறது. மோதுகிற இளைஞன் ஷாருக்கான், அப்போது எவருக்கும் பெரிதாகத் தெரியாத பையன். கார்ட்டூன் கிழவரை எந்தக் காரும் மோதியிருக்காது. மோதினாலும் மறுநாட் காலையில் அதே கோட்டோடு பாராளுமன்றத்தில் நிற்பார். வாக்லேக்கு வலிக்கிறது. சித்திரத்தில் இல்லாத ஒன்றைத் தொலைக்காட்சி கொடுத்ததென்றால் அது இந்த வலிதான்.

அதோடு வயதும் வந்து சேர்ந்தது. லக்ஷ்மண் 2015இல் காலமாகும் வரை அவருடைய கிழவருக்கு ஒரு நரைகூட அதிகமாகவில்லை. வாக்லே அப்படி இல்லை. 2021இல் சோனி சப் அலைவரிசை தொடரைப் புதிதாகத் தொடங்கியபோது ஸ்ரீவாஸ்தவையும் ஆச்ரேக்கரையுமே திரும்ப அழைத்தது. ஆனால் இந்தமுறை அலுவலகம் போய் வீட்டுக்கடனுக்கு விழிபிதுங்குவது மகன் வாக்லே. பழைய வாக்லேக்குத் தாத்தா வேடம்.