கணக்கேடு காத்த கைத்தொழில்



பியர்க் கடையொன்றைப் பற்றிப் பேசுவதற்குப் பள்ளி அதிபர் ஒருவருக்கு என்ன இருக்கிறது என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். மதுபானத்தைப் போற்றுவது என் நோக்கமன்று. நான் அதனை அருந்துபவனுமல்லன். ஆயினும் வரலாறு அரண்மனைகளில் மட்டும் குடியிருப்பதில்லை. கடைத்தெருவிலும் அது உண்டு. அழிந்துபோன ஒரு கைத்தொழில் மீண்டும் எவ்வாறு உயிர்பெற்றது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இலண்டன் மாநகரில், தேம்ஸ் நதிக்குத் தெற்கே, பேர்மண்சி என்றொரு பகுதி உள்ளது. அங்கே புகையிரதப் பாதையைத் தாங்கி நிற்கும் செங்கல் வளைவுகளின் கீழ்ச் சிறிய பியர் ஆலைகளும் அவற்றின் கடைகளும் அமைந்துள்ளன. என் பயணத்தின்போது அத்தகைய கடையொன்றினுள் நுழைந்தேன். அங்கிருந்த போத்தல் ஒன்றின் பழுப்புநிறச் சீட்டில் ‘ஏற்றுமதி ஸ்டவுட், இலண்டன், 1890’ என்று அச்சிட்டிருந்தது. அதனைச் செய்த ஆலையோ 2009ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. அப்படியாயின், 1890ஆம் ஆண்டின் செய்முறை இவர்கள் கைக்கு எப்படி வந்தது?

இதற்கு விடை காணப் பதினெட்டாம் நூற்றாண்டுக்குச் செல்லவேண்டும். அக்காலத்தில் இலண்டனின் தெருக்களிலும் ஆற்றுத் துறைகளிலும் சுமை தூக்கியோர் போர்ட்டர்கள் எனப்பட்டனர். அவர்கள் விரும்பி அருந்திய கரிய பியருக்கும் அப்பெயரே நிலைத்தது. அதனுள் வலிமை மிக்க வகையே ஸ்டவுட். முளைகட்டி வறுத்த பார்லி, ஹொப்ஸ் பூ, மதுவம், நீர் ஆகியவற்றால் ஆக்கப்பட்ட இப்பானம், பெருந்தொட்டிகளில் மாதக்கணக்கில் முதிர வைக்கப்பட்டது.

சாமுவேல் விற்பிரெட் என்பவர் 1750இல் சிஸ்வெல் தெருவில் பேராலை ஒன்றை நிறுவினார். 1785இல் அங்கே ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரம் பொருத்தப்பட்டது. 1787இல் மூன்றாம் ஜோர்ஜ் மன்னரே அதனைக் காண வந்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைத்த அவ்வியந்திரம் பின்னர் சிட்னி நகர நூதனசாலையைச் சேர்ந்தது.

அப்பெருமைக்கு ஒரு விலையும் இருந்தது. 1814 ஒக்டோபர் 17ஆம் நாள், டொட்டனம் கோர்ட் வீதியருகே மியூ கம்பனியாரின் ஆலையில், 22 அடி உயரத் தொட்டியொன்று வெடித்தது. பெருகிய பியர் வெள்ளம் அயலிலிருந்த ஏழைகளின் குடியிருப்புகளை மோதியது. எட்டுப்பேர் மாண்டனர், அவர்கள் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமே. விசாரணையில் இது எவர் குற்றமுமன்று, தற்செயலே என முடிவாயிற்று. இழந்த பியருக்காகச் செலுத்திய தீர்வைப் பணம் கம்பனிக்கு மீளக் கிடைத்தது.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. முதலாம் உலக யுத்தக் காலத்தில் தானியத்துக்கும் பியரின் வலிமைக்கும் அரசு கட்டுப்பாடு விதித்தது. மக்களின் சுவையும் மாறியது. இரண்டாம் உலக யுத்தத்தின் பின் போர்ட்டர் தான் பிறந்த நகரத்திலேயே மறைந்துபோயிற்று. சிறிய ஆலைகளைப் பெரியவை விழுங்கின. 1960களின் முடிவில் ஆறு பெருங் கம்பனிகளே நாட்டின் பியர் வாணிபத்தில் ஆதிக்கம் செலுத்தின. பீப்பாயினுள் உயிர்ப்புடன் நொதிக்கும் பழைய பியருக்குப் பதிலாக, வடிகட்டிச் சூடேற்றிக் கரியமில வாயு ஏற்றிய பியரே எங்கும் பரவியது. பழைய முறையை அறிந்த கைகள் ஓய்ந்தன, கற்பாருமில்லை, கற்பிப்பாருமில்லை.

எனினும் ஒன்று மட்டும் அழியவில்லை. பேராலைகள் ஒவ்வொரு நாளும் கணக்கேடு எழுதிவந்தன. எத்துணைப் பார்லி, எத்தனை இறாத்தல் ஹொப்ஸ், நீரின் வெப்பம் எவ்வளவு, நொதித்தது எத்தனை நாள் என அனைத்தும் அவற்றிற் பதிவாயின. விற்பிரெட், துரூமன் போன்ற ஆலைகளின் ஏடுகள் இலண்டன் ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தன.

சட்டமும் வழிவிட்டது. வீட்டில் பியர் செய்வதற்கு 1880 முதல் வேண்டியிருந்த அனுமதிப்பத்திரம் 1963இல் நீக்கப்பட்டது. 1971இல் ஆங்கிலேய இளைஞர் நால்வர் பீப்பாய்ப் பியரைக் காக்க ஓர் இயக்கம் தொடங்கினர். அதே ஆண்டில் டேர்டன் பார்க் பியர் வட்டம் என்னும் ஆர்வலர் குழு தோன்றியது. அவர்கள் பழைய கணக்கேடுகளைப் புரட்டி, வழக்கிறந்த அளவைகளுக்குப் பொருள் கண்டு, வீட்டு அடுக்களையிலே அந்தப் பியர்களை மீண்டும் ஆக்கிப் பார்த்தனர். 2002இல் ஆண்டுக்கு ஐந்து இலட்சம் லீற்றர் வரை ஆக்கும் சிற்றாலைகளுக்குத் தீர்வையை அரசு பாதியாகக் குறைத்தது. அதன் பின்னர் நாடெங்கும் புதிய சிற்றாலைகள் பல்கின.

ஆவணமின்றிச் சட்டம் மட்டும் இருந்திருந்தால் ஆலைகள் பெருகியிருக்கும். 1890ஆம் ஆண்டின் முறை திரும்பியிராது. அக்கணக்கேடுகளை எழுதியோர் வருங்கால மாணவருக்காக எழுதவில்லை. தீர்வைக்கும் இலாபத்துக்குமாகவே எழுதினர். அந்த எளிய பதிவுகளே தொழில் அறிந்தவர் எவருமில்லாத காலத்தில் ஆசானாக நின்றன.

பெருங் கம்பனிக்குக் கணக்கெழுத எழுத்தர் இருந்தார். தச்சருக்கும் நெசவாளருக்கும் குயவருக்கும் அத்தகைய எழுத்தர் எவருளர்? அவர்தம் அறிவு கையோடு கையாகவே வருவது. ஒரு தலைமுறை கைவிட்டால் ஏடு தேடினும் கிடையாது. ஆகவே, உங்கள் ஊரிலே முதிய தொழிலாளர் ஒருவர் இருப்பின், அவரருகே ஒரு மாணவனைக் குறிப்புப் புத்தகத்துடன் அமர்த்துங்கள். அளவையும் காலத்தையும் கருவிகளின் பெயரையும் அவர் சொல்லச் சொல்ல அவன் எழுதட்டும். அவர் இருக்கும்போதே அது நடைபெற வேண்டும்.