நன்றியுணர்வுப் பயிற்சி

தனக்குக் கிடைத்த நன்மையையும் அதைச் செய்தவரையும் முயன்று நினைத்து, எழுதி வைப்பதும் வாய்விட்டுச் சொல்வதும் நன்றியுணர்வுப் பயிற்சி எனப்படும். திருக்குறள் செய்ந்நன்றி அறிதலை அறமாகக் கொண்டு 11ஆம் அதிகாரத்தை அதற்கே ஒதுக்கியது. அது மனநலத்துக்கு உதவுமா என்று உளவியல் ஆராயத் தொடங்கியது அண்மையில்தான்.

2003இல் அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ வெளியிட்ட ஆய்வு இதில் முன்னோடி. வாரந்தோறும் நன்றிக்குரியவற்றை எழுதிய மாணவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிட வாழ்வில் நிறைவு கண்டனர். நரம்புத்தசை நோயாளிகள் 21 நாள் எழுதியபோது நன்றாகத் தூங்கினர். 2005இல் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் பல பயிற்சிகளைச் சோதித்தனர். நன்றிக் கடிதத்தை உரியவரிடம் நேரில் கொடுத்தவர்களின் மகிழ்ச்சி சட்டென உயர்ந்து, சில மாதங்களில் பழைய நிலைக்குத் திரும்பியது. இரவுதோறும் மூன்று நல்ல நிகழ்வுகளைக் காரணத்தோடு எழுதியவர்களிடம் பயன் ஆறு மாதம் நீடித்தது. இழப்பையே சுற்றும் மனம் துணைநின்ற மனிதர்கள்பால் திரும்புவதால் தனிமை உணர்வு குறைகிறது என்பது ஒரு விளக்கம். ஆயினும் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டில், மனச்சோர்வும் பதகளிப்பும் சிறிதளவே குறைவது தெரிந்தது. இப்பயிற்சி மருத்துவத்துக்கு மாற்றன்று; துயரில் இருப்பவர்மேல் திணிக்கத் தக்கதுமன்று.

திருகோணமலை நகரை அடுத்த அன்புவழிபுரத்தைப் போன்ற குடியிருப்புகளுக்கு இந்த எச்சரிக்கை மிக முக்கியம். இலங்கையின் உள்நாட்டுப் போரையும் 2004 டிசெம்பர் 26 கடற்கோளையும் கண்ட மாவட்டம் இது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் “நீங்களாவது தப்பினீங்களே, அதை நினைச்சு ஆறுங்கோ” என்பது ஆறுதலாகாது; அழுகையை அடைத்து, துயரோடு குற்றவுணர்வையும் சேர்த்துவிடும். நன்றி அவராக உணர்ந்து சொல்வதாக இருக்க வேண்டும்.

ஈழத்தமிழரிடையே நன்றி பெரும்பாலும் ஊரோடு கூடிச் செலுத்தப்படுவது. தைப்பொங்கலன்று சூரியனுக்கும் மறுநாள் பட்டிப்பொங்கலில் மாடுகளுக்கும் படைக்கிறார்கள். நோய் மாறினால் கோயிலில் நேர்த்திக்கடன் தீர்க்கிறார்கள். போரின் உளவடுக்களை நெடுங்காலம் ஆராய்ந்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், சிதைந்த சமூகங்கள் தேறுவதற்கு இத்தகைய மரபுச் சடங்குகளும் துணை என்று எழுதியுள்ளார். தனியே கொப்பியில் எழுதுவதைவிட, உதவியவரின் படலை திறந்துபோய்ச் சொல்வதே இம்மண்ணுக்கு இயல்பான பயிற்சி.

தூக்கமின்மையோ உயிரை மாய்க்கும் எண்ணமோ தொடர்ந்தால், பயிற்சியை நம்பிக் காத்திராமல் வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாட வேண்டும். இலங்கையில் தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.